ஐம்பதையும் முடித்தவர்கள்

1789 அக்டோபரில் ஜார்ஜ் வாஷிங்டன் நியூயார்க்கிலிருந்து குதிரை வண்டியில் கிளம்பியபோது, அவர் பதவியேற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை. அப்போது நியூயார்க்தான் தலைநகரம். புது நாட்டின் மக்களை ஜனாதிபதி நேரில் பார்க்க வேண்டும், அவர்களும் அவரைப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். கனெக்டிகட், மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் என்று வடக்கே சுற்றி வந்தவர், பக்கத்திலேயே இருந்த ரோட் ஐலண்டில் மட்டும் கால் வைக்கவில்லை. அந்தக் குட்டி மாநிலம் அரசியலமைப்புச் சட்டத்துக்கு அதுவரை ஒப்புதல் தந்திருக்கவில்லை. 1790 மே மாதக் கடைசியில் ஒப்புதல் கொடுத்தார்கள். ஆகஸ்டில் தாமஸ் ஜெஃபர்சனையும் கூட்டிக்கொண்டு கப்பலேறிப் போய் நியூபோர்ட்டில் இறங்கினார் வாஷிங்டன்.

போகாமல் விட்டதும் அரசியல், போனதும் அரசியல். பாஸ்டனில் நடந்த கூத்து இன்னும் சுவையானது. மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஹான்காக், தன் மாநிலத்துக்குள் தானே பெரியவர், ஜனாதிபதிதான் முதலில் தன்னை வந்து பார்க்க வேண்டும் என்று காத்திருந்தார். வாஷிங்டன் அவர் வீட்டு விருந்துக்குப் போக மறுத்துவிட்டார். மறுநாள் ஹான்காக் காலில் கட்டோடு, கீல்வாதத்தால்தான் வர முடியவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தார். நாடு பெரிதா, மாநிலம் பெரிதா என்ற வழக்கு ஒரு மரியாதைச் சந்திப்பில் தீர்ந்தது.

1791 வசந்தத்தில் தெற்குப் பயணம். வர்ஜீனியா, இரண்டு கரோலினாக்கள், ஜார்ஜியா என்று ஏறத்தாழ 1,900 மைல். எந்தப் பெரிய மனிதர் வீட்டிலும் தங்கிக் கடன்படக் கூடாது என்று கூடியவரை சத்திரங்களில் தங்கினார். புழுதியையும் சத்திரங்களின் லட்சணத்தையும் பற்றி நாட்குறிப்பில் முணுமுணுத்தார். வண்டியோடு போன பணியாட்களில் அடிமைகளும் இருந்தார்கள். பதின்மூன்று மாநிலங்களும் முடிந்தன. ஆனால் அவர் தெற்கே கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, மார்ச் 4 அன்று, வெர்மான்ட் பதினான்காவதாகச் சேர்ந்துவிட்டது. அவருடைய சுற்றுப்பயணங்களில் வெர்மான்ட் இல்லை.

எல்லா மாநிலங்களையும் பார்த்து முடிப்பது இன்று அமெரிக்கர்களுக்கு ஒரு விளையாட்டு. ஓய்வு பெற்ற தம்பதிகள், கல்லூரி நண்பர்கள், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு கிளம்பும் குடும்பங்கள் எனப் பலரும் வரைபடத்தில் ஒவ்வொரு மாநிலமாக நிறம் தீட்டுகிறார்கள். விமான நிலையத்தில் இறங்கி வேறு விமானம் ஏறினால் அது கணக்கில் சேருமா என்று நண்பர்களுக்குள் தகராறு நடக்கும். பொழுதுபோக்குதான். ஆனால் அதன் வரலாற்றைப் பார்த்தால், எந்தக் காலத்தில் யாரால் பட்டியலை முடிக்க முடிந்தது என்பதை ஆசை மட்டும் தீர்மானிக்கவில்லை. சாலை தீர்மானித்தது. சாலையோரத்தில் எந்தக் கதவு திறக்கும் என்பதும் தீர்மானித்தது.

மோட்டார் காரில் முதன்முதலாகக் கண்டத்தைக் கடந்தவரும் வெர்மான்ட்காரர்தான். ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன், 31 வயது டாக்டர், மனைவி வழியில் நல்ல வசதி. 1903 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவின் கிளப் ஒன்றில், கார் என்பது பணக்காரர்களின் பொம்மை, அதில் நியூயார்க் போக முடியாது என்று யாரோ சொல்ல, 50 டாலர் பந்தயம் கட்டினார். அவரிடம் கார் கிடையாது. ஓட்டுவதிலும் பெரிய அனுபவம் இல்லை. சூவல் கிராக்கர் என்ற 22 வயது மெக்கானிக்கைச் சேர்த்துக்கொண்டார். கிராக்கர் சொன்னபடி 20 குதிரைத்திறன் கொண்ட பழைய விண்டன் கார் ஒன்றை வாங்கி, அதற்கு ‘வெர்மான்ட்’ என்று பெயர் வைத்தார். மனைவியை ரயிலில் ஊருக்கு அனுப்பிவிட்டு மே 23 அன்று புறப்பட்டார்கள்.

நகரங்களுக்கு வெளியே பாவிய சாலை என்பதே அரிதாக இருந்த காலம் அது. கார் தயாரித்த அலெக்சாண்டர் விண்டனே இரண்டு வருடம் முன்பு நெவாடா மணலில் சிக்கிப் பயணத்தைக் கைவிட்டிருந்தார். அதனால் ஜாக்சன் வடக்கே வளைந்து ஆரிகன், ஐடஹோ, வயோமிங் வழியாகப் போனார். கலிஃபோர்னியாவில் ஒரு பெண்ணிடம் வழி கேட்டார்கள். அவள் காட்டிய திசையில் பல மைல் போனால் பாதை ஒரு பண்ணை வீட்டு வாசலில் முடிந்தது. தன் வீட்டார் கார் என்ற ஒன்றைப் பார்த்ததே இல்லை, பார்க்கட்டுமே என்று அனுப்பினாளாம். டயர் வெடித்தால் சக்கரத்தில் கயிறு சுற்றிக்கொண்டு ஓட்டினார்கள். உதிரி பாகத்துக்குத் தந்தி கொடுத்துவிட்டு நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். சேற்றில் புதைந்தால் கப்பி போட்டு இழுத்தார்கள். ஐடஹோவில் 15 டாலருக்கு பட் என்றொரு நாய் வாங்கினார்கள். புழுதியில் அதன் கண் சிவந்துபோக, அதற்கும் ஒரு கண்ணாடி மாட்டிவிட்டார்கள். கண்ணாடி போட்ட பட்டின் படம் பத்திரிகைகளில் வந்தது.

ஜூலை 26 விடிகாலையில் நியூயார்க். மொத்தம் 63 நாள். செலவு 8,000 டாலர். பந்தயப் பணம் 50 டாலரை ஜாக்சன் வாங்கவே இல்லை. அதே ஆண்டு சொந்த ஊரான பர்லிங்டனில், மணிக்கு 6 மைலுக்கு மேல் வேகமாக ஓட்டினார் என்று அவருக்கு அபராதம் விதித்தார்கள். ‘வெர்மான்ட்’ இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கிராக்கரின் கதை அவ்வளவு இனிதாக முடியவில்லை. பத்தே ஆண்டில், 1913இல், இளம் வயதிலேயே இறந்துபோனார். படங்களில் நாய்க்குக் கிடைத்த இடம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை என்று தோன்றுகிறது. அவர் இல்லாவிட்டால் அந்தக் கார் கலிஃபோர்னியா எல்லையைத் தாண்டியிருக்காது.

அன்று நாட்டில் 45 மாநிலங்கள். இவர்கள் தொட்டது ஒரு டஜனுக்கும் குறைவு. எல்லாவற்றையும் காரில் முடிப்பது பற்றி அப்போது யாரும் கனவுகூடக் காணவில்லை.

1909இல் ஆலிஸ் ராம்சே என்ற 22 வயதுப் பெண் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 59 நாளில் மேக்ஸ்வெல் கார் ஓட்டிப் போனார். கூட வந்தவர்கள் இரண்டு நாத்தனார்கள், ஒரு தோழி. மூவருக்குமே கார் ஓட்டத் தெரியாது. 3,600 மைலில் பாவிய சாலை 152 மைல்தான். அந்நாளில் வழி சொல்ல ‘புளூ புக்’ என்ற கையேடு உண்டு. மஞ்சள் வீடு வரும், அங்கே இடப்புறம் திரும்பு என்ற மாதிரி எழுதியிருக்கும். கிளீவ்லாந்து பக்கம் அந்த மஞ்சள் வீட்டைத் தேடினால் காணவில்லை. கார்கள் மேல் கோபம் கொண்ட வீட்டுக்காரர் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டிருந்தார். மிசிசிப்பியைத் தாண்டியபின் கையேடும் இல்லை. தொலைபேசிக் கம்பங்களைப் பார்த்து, எந்தப் பாதையில் கம்பிகள் அதிகமோ அதுதான் ஊருக்குப் போகும் என்று முடிவு செய்தார்கள்.

நண்பரோடு செய்த பயணங்களில் மிகப் பெரிய விளைவைத் தந்தது 1919இல் நடந்தது. முதல் உலகப்போர் முடிந்ததும், ராணுவ வாகனங்களால் நாட்டைக் குறுக்காகக் கடக்க முடியுமா என்று பார்க்க வாஷிங்டனிலிருந்து 81 வண்டிகள் கிளம்பின. போருக்கு அனுப்பப்படாத ஏக்கத்தில் இருந்த 28 வயது அதிகாரி ட்வைட் ஐசனோவர், தன் நண்பர் செரீனோ பிரெட்டையும் கூட்டிக்கொண்டு பார்வையாளராகச் சேர்ந்துகொண்டார். வயோமிங் பக்கம் இருவரும் சேர்ந்து, கிழக்கிலிருந்து வந்த அதிகாரிகளிடம் செவ்விந்தியர்கள் தாக்கப் போகிறார்கள் என்று கதை கட்டினார்கள். இரவில் பிரெட் இருட்டில் ஒளிந்துகொண்டு ஊளையிட்டாராம். விளையாட்டு ஒருபுறம். மறுபுறம் பாலங்கள் உடைந்தன, லாரிகள் மணலில் புதைந்தன. 3,200 மைலைக் கடக்க 62 நாள், சராசரி வேகம் மணிக்கு 6 மைல் அளவுதான். அந்தச் சாலைகளை ஐசனோவர் மறக்கவில்லை. பின்னர் ஜெர்மனியின் அகன்ற நெடுஞ்சாலைகளையும் பார்த்தார். ஜனாதிபதியானபின் 1956இல் அவர் கையெழுத்திட்ட சட்டம் 41,000 மைல் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளுக்கு வழிவகுத்தது. சிவப்பு விளக்கில் நிற்காமல் மாநிலம் விட்டு மாநிலம் போகலாம் என்ற நிலை அதன்பின் வந்ததுதான்.

ஆனால் எல்லோருக்கும் அல்ல. கையில் பணமும் நல்ல காரும் இருந்தாலும், வழியில் எந்த விடுதி அறை கொடுக்கும், எந்த பெட்ரோல் பங்க் கழிப்பறையைத் திறந்துவிடும் என்பது ஒரு கறுப்பினக் குடும்பத்துக்குத் தெரியாது. பொழுது சாய்ந்தபின் கறுப்பினத்தவர் இருக்கக் கூடாது என்று விரட்டிய ஊர்கள் தெற்கில் மட்டுமல்ல, வடக்கிலும் மேற்கிலும் ஏராளம். கட்டுச்சோறும் உபரி பெட்ரோலும் காரிலேயே போகும். வழிமறிக்கும் போலீஸ்காரரிடம் கார் முதலாளியுடையது என்று காட்டிக்கொள்ளச் சிலர் டிரைவர் தொப்பி ஒன்றையும் வைத்திருந்தார்கள். நியூயார்க்கின் ஹார்லெமில் இருந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன், 1936இல் ‘கிரீன் புக்’ என்ற கையேட்டைக் கொண்டுவந்தார். முதலில் நியூயார்க் வட்டாரத்துக்கு மட்டும், பிறகு மாநிலவாரியாக நாடு முழுக்க: தங்க இடம் தரும் வீடுகள், சாப்பாட்டுக் கடைகள், முடிதிருத்தும் நிலையங்கள். எஸ்ஸோ பெட்ரோல் பங்க்குகளில் அது விற்றது. இப்படியொரு புத்தகம் தேவைப்படாத நாள் வரும் என்று கிரீன் அதிலேயே எழுதியிருந்தார். 1964இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது, சில ஆண்டுகளில் புத்தகம் நின்றது. கிரீன் அதற்கு முன்பே, 1960இல், காலமாகிவிட்டார்.

இதற்கிடையே பட்டியலே நீண்டுவிட்டது. 1959 ஜனவரியில் அலாஸ்கா, ஆகஸ்டில் ஹவாய். ஹவாய்க்குக் கார் ஓட்டிப் போக முடியாது, தீவு. அலாஸ்காவுக்குப் போகலாம். ஜப்பான் மீதிருந்த பயத்தில் 1942இல் எட்டே மாதத்தில் கனடா வழியே வெட்டிய சாலை இருக்கிறது. அதை வெட்டிய பதினோராயிரம் படைவீரர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். 1948இல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

ஐம்பது என்ற முழு எண்ணின் மயக்கத்தில் முதலில் மாட்டிக்கொண்ட பெரிய மனிதர் ரிச்சர்ட் நிக்சன். 1960 ஜனாதிபதித் தேர்தலில் ஐம்பது மாநிலங்களுக்கும் நேரில் வருவேன் என்று கட்சி மாநாட்டில் வாக்குக் கொடுத்தார். ஆகஸ்டில் கார் கதவில் முழங்கால் இடித்து, கிருமி தொற்றி, ஏறத்தாழ இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடந்தார். வாக்கைக் கைவிடச் சொன்னவர்களுக்கு அவர் செவிசாய்க்கவில்லை. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, எதிரி கென்னடி மக்கள் திரளான வடகிழக்கில் சுற்றிக்கொண்டிருக்க, நிக்சன் அலாஸ்காவுக்குப் பறந்தார். அலாஸ்காவின் தேர்வாளர் வாக்குகள் மூன்று. அந்த மூன்றும் கிடைத்தன. தேர்தல் கையைவிட்டுப் போனது. நாடு முழுவதுமான வாக்கு வித்தியாசம் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். அலாஸ்காவில் செலவான நேரத்தை இலினாயில் செலவழித்திருந்தால் என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. பின்னாளில் ஜனாதிபதியாக ஐம்பதையும் முடித்தவர்களில் அவரே முதல்வர். பில் கிளின்டன் நெப்ராஸ்காவைப் பதவியின் கடைசி மாதங்கள்வரை விட்டுவைத்தார். ஒபாமாவின் பட்டியலில் கடைசியாக நின்றது தெற்கு டகோட்டா. 2015 மே மாதம் ஒரு தொழில்நுட்பக் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவுக்குப் போய் அதையும் முடித்தார்.

சாதாரணப் பயணிகளுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது வடக்கு டகோட்டா. கடற்கரை இல்லை, பெருநகரம் இல்லை, வேறெங்கோ போகும் வழியில் தானாக வந்து விழுவதும் இல்லை. ஃபார்கோ நகரத்தார் இதற்கு வருத்தப்படாமல் அதையே வியாபாரமாக்கினார்கள். கடைசி மாநிலமாக வந்து சேர்ந்தேன் என்று அங்குள்ள பயணியர் தகவல் நிலையத்தில் சொன்னால் சான்றிதழும் டி-ஷர்ட்டும் தருவார்கள். ‘ஃபார்கோ’ படத்தில் வந்த மரம் அரைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த மாநிலம் பயணியின் கணக்கில் ஐம்பதாவது. நாட்டின் கணக்கில் அதற்கு எத்தனையாவது இடம் என்று கேட்டால் திட்டமான பதில் கிடையாது. 1889 நவம்பர் 2 அன்று இரண்டு டகோட்டாக்களும் ஒன்றாக மாநிலங்களாயின. யார் முதல் என்று சண்டை வரக் கூடாது என்பதற்காக ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன் இரண்டு பிரகடனத் தாள்களையும் கலைத்து, எழுத்தை மறைத்து வைக்கச் செய்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எது முதலில் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. பட்டியல் போடுகிறவர்கள் அகர வரிசைப்படி வடக்குக்கு 39, தெற்குக்கு 40 என்று எண் கொடுத்துவிட்டார்கள்.