நீக்குவதற்கென்றே எழுதப்படும் வரிகள்: பினாங்கின் மின்னணுத் தொழிலும் டீபக் லாக்கின் வரலாறும்

நிரலுக்குள் என்ன நடக்கிறது என்பதை அந்த நிரலையே சொல்லவைப்பது கணினி அளவுக்குப் பழைய வழக்கம். கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி 1949-இல் ஓடத் தொடங்கியது. 1951-இலேயே ஸ்டான்லி கில் அதன் நிரல்களில் நேரும் பிழைகளைக் கண்டறியும் முறைகள் பற்றித் தனிக் கட்டுரை வெளியிட்டுவிட்டார். 'டீபக் லாக்' எனப்படும் இந்தப் பதிவு வரியைச் சேர்ப்பது எளிது. வாடிக்கையாளரிடம் போகும் பிரதியிலிருந்து அதை ஒன்றுவிடாமல் எடுப்பதுதான் கடினம். எடுக்கும் முறைகளின் வரலாற்றை மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. மென்பொருள், மாற்றியமைக்கத்தக்க சுற்று, வார்த்து முடித்த சில்லு ஆகிய மூன்றோடும் புழங்கும் வட்டாரம் அது. மூன்றிலும் நீக்கும் முறை வெவ்வேறு.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுன் 1960-களின் இறுதியில் தன் சுதந்திரத் துறைமுகத் தகுதியை இழந்து, வேலையின்மையில் தவித்தது. 1969-இல் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூவின் அரசு பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை நிறுவி, 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரத்தைத் தொடங்கியது. இன்டெல், ஏஎம்டி, ஹியூலட்-பேக்கர்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ், கிளாரியன், லிட்ரோனிக்ஸ் ஆகிய எட்டு நிறுவனங்களை 'எட்டுச் சாமுராய்கள்' என்று இன்றும் குறிப்பிடுகிறார்கள். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே கட்டிய முதல் ஆலை இங்கேதான். 1975-இல் அது தீயில் எரிந்தது. நிறுவனம் தீவைவிட்டுப் போகவில்லை. நுண்ணோக்கியில் கண் பதித்துக் கம்பி இணைப்பது தொடக்ககால வேலை. பிறகு சோதனை வந்தது, அதன் பிறகே வடிவமைப்பு. சோதனையின் வழியே வடிவமைப்புக்கு வந்த ஊர் என்பதால், சோதித்த பொருளும் அனுப்பிய பொருளும் ஒன்றுதானா என்ற கேள்வி இங்கே வெறும் ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்க முடியாது.

மென்பொருளில் ஆரம்பகாலத் தீர்வு ஒன்று துளை அட்டையின் இடவமைப்பிலிருந்து வந்தது. டிஇசி நிறுவனத்தின் ஃபோர்ட்ரான் கம்பைலர்களில் வரியின் முதல் இடத்தில் 'டி' எழுத்து இருந்தால், கேட்டுக்கொண்டால் மட்டும் அது கம்பைல் ஆகும். இல்லையேல் வெறும் குறிப்பாகக் கழியும். 1974-ஆம் ஆண்டின் கோபால் தரவிதி இதே எழுத்தை 7-ஆம் இடத்தில் வைத்து, நிரலின் தலைப்பகுதியில் ஒரே தொடரால் எல்லா வரிகளையும் உயிர்ப்பிக்கவோ அடக்கவோ வழிசெய்தது. சி மொழியின் முன்செயலி 1973 வாக்கில் தோன்றியபோது கோப்பு சேர்த்தலும் எளிய பெயர் மாற்றலும் மட்டுமே அதில் இருந்தன. நிபந்தனைக் கம்பைலிங்கை மைக் லெஸ்க்கும் ஜான் ரைசரும் பிறகு சேர்த்தார்கள். 1979-இன் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் 'அசர்ட்' என்ற சரிபார்ப்பு மேக்ரோ இருந்தது. 'என்டீபக்' என்ற பெயரை வரையறுத்தால் அது மறைந்துவிடும். அடைப்புக்குறிக்குள் இருப்பதும் கூடவே மறையும். சோதனை வரிக்குள் ஒரு எண்ணியைக் கூட்டிவைத்தவரின் நிரல் வீட்டில் ஓடும், வெளியே போனதும் தடுமாறும். இத்தனை ஆண்டுகள் கழித்தும் இந்தத் தவற்றுக்குப் புதிய ஆட்கள் கிடைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

நீக்குவதை எல்லாரும் ஏற்கவில்லை. கரையில் பயிற்சி எடுக்கும்போது மிதவைச் சட்டை அணிந்து, கடலில் இறங்கும்போது அதைக் கழற்றி வைப்பவனைப் போன்றது இது என்று கணினி அறிஞர் டோனி ஹோர் 1973-இல் கேலி செய்தார். அவர் குறிவைத்தது எல்லை மீறலைத் தடுக்கும் சரிபார்ப்புகளை. பதிவு வரிகளுக்கு அந்த ஒப்புமை முழுதாகப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். சரிபார்ப்பு ஆளைக் காக்கும். பதிவு விபத்துக்குப் பிறகு சாட்சி சொல்லும்.

தவிர, சில இடங்களில் கழற்றாமல் கடலில் இறங்கவே முடியாது. இன்டெல் 1980-இல் கொண்டுவந்த 8051 நுண்கட்டுப்படுத்தியில் நிரலுக்கு 4 கிலோபைட், தரவுக்கு 128 பைட். சராசரி 40 எழுத்தில் 30 செய்திகள் வைத்தால் 1200 பைட் போய்விடும். நிரலிடத்தில் கால்பங்குக்கும் மேல். புற ஊதா ஒளியில் அழித்து மறுபடி எழுதும் 8751-இல் பொறியாளர்கள் சோதித்தார்கள். விற்பனைக்குப் போனது ஆலையிலேயே நிரல் பொறித்த 8051. பொறித்தபின் ஒரு பைட்டைக்கூட மாற்ற முடியாது. இடத்தைவிட நேரம் பெரிய தலைவலி. 9600 பாட் வேகத்தில் 80 எழுத்துள்ள ஒரு வரியைச் சீரியல் வழியே அனுப்ப 83 மில்லி விநாடி ஆகும். 11.0592 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் ஓடும் 8051-க்கு அது 76,800 இயந்திரச் சுற்று. அவ்வளவு நேரம் காத்திருக்கும் நிரலில் தெரியாத பிழை, வரியை எடுத்ததும் தலைகாட்டும். நேர்மாறாகவும் நடக்கும்.

நினைவகம் மலிவான பிறகும் சோதனைப் பிரதி, விற்பனைப் பிரதி என்ற பிரிவினை மறையவில்லை. கணினியை எழுப்பும் ஃபர்ம்வேருக்குப் பரவலாகப் பயன்படும் இடிகே II-இல் டீபக் பில்ட், ரிலீஸ் பில்ட் என்ற பாகுபாடு உண்டு. ரிலீஸில் பதிவு மேக்ரோ வழக்கமாக ஒன்றுமில்லாததாக விரியும். 115200 பாட் வேகத்திலும் 80 எழுத்து வரிக்கு 7 மில்லி விநாடி ஆவதால், ஆயிரம் வரி பேசும் டீபக் பில்ட் 7 விநாடி தாமதமாக எழும். லினக்ஸ் கெர்னல் 2008-இல் வேறு வழி பிடித்தது. எஃப்டிரேஸ் வசதியில் ஒவ்வொரு செயற்கூற்றின் வாயிலிலும் கம்பைலர் ஓர் அழைப்பைச் செருகிவைக்கும். எழும்போது அவை செயலற்ற கட்டளைகளாக மாற்றப்படும், வேண்டும்போது திரும்ப உயிர்பெறும். பில்டில் சேர்த்து ஓட்டத்தில் நீக்குவது இது.

சுற்று வடிவமைப்பில் கதை இன்னும் சுவையானது. ஃபில் மூர்பியும் பிரபு கோயலும் 1984 வாக்கில் உருவாக்கிய வெரிலாக் மொழியில் அச்சிடும் கட்டளை உண்டு. பாவனை ஓட்டத்தில் மட்டுமே அதற்குப் பொருள். சுற்றாக்கும் கருவி இப்படிப்பட்ட பகுதிகளைத் தாண்டிச் செல்ல, 'டிரான்ஸ்லேட் ஆஃப்', 'டிரான்ஸ்லேட் ஆன்' என்று குறிப்பு வரிகளில் எழுதிவைப்பார்கள். ஒரு கருவிக்கு வெறும் குறிப்பு, இன்னொன்றுக்குக் கட்டளை! முடிக்கும் குறி ஒன்று விடுபட்டால் அதற்குக் கீழே உள்ள உண்மையான சுற்றும் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

பினாங்கில் 1990-களிலேயே காலூன்றிய ஆல்டெராவின் எஃப்.பி.ஜி.ஏ. எனப்படும் மாற்றியமைக்கத்தக்க சில்லுகளுக்கு சிக்னல்டேப் என்ற வசதி வந்தது. இதில் பதிவு என்பது சுற்றே. கவனிக்க வேண்டிய சமிக்ஞைகளைக் குறித்து மறுபடி கம்பைல் செய்தால், சில்லுக்குள் ஒரு சிறு பகுப்பாய்வி அமர்ந்து, உள்நினைவகத்தில் மாதிரிகளைச் சேர்த்து, ஜேடேக் என்ற சோதனை வாயில் வழியே வெளியே தரும். 64 சமிக்ஞைகளை 1024 மாதிரி ஆழத்துக்குப் பிடிக்க 65,536 பிட் வேண்டும். நீக்க வேண்டுமானால் திரும்பவும் கம்பைல் செய்யவேண்டும். அப்போது மற்ற சுற்றுகளின் இடமும் கம்பித்தடமும் மாறலாம். நேரக் கணக்கை முதலிலிருந்து சரிபார்க்க வேண்டிவரும். சி நிரலில் வரி நீங்கினால் அந்த வரியின் வேலை நீங்குகிறது. இங்கே அண்டை வீடுகளும் இடம்பெயர்கின்றன.

வார்த்த சில்லில் நீக்கம் என்பதே இல்லை. 1990-இல் தரவிதியாகி 1149.1 என்ற எண் பெற்ற ஜேடேக் வாயிலும், உள்நிலையைப் படிக்கும் சோதனைச் சங்கிலிகளும் சிலிக்கனிலேயே இருக்கும். ஆலைச் சோதனைக்கு அவை இன்றியமையாதவை; வாடிக்கையாளர் கையில் அவையே ரகசியம் கசியும் வழி. ஆகவே பாதுகாப்பு வேண்டும் சில்லுகளில் இறுதிச் சோதனை முடிந்தபின் உள்ளே ஒரு ஃபியூஸை எரித்து வாயிலைப் பூட்டுகிறார்கள். நிரந்தரமாகப் பூட்டிய சில்லு பழுதாகித் திரும்பிவந்தால், அதைச் சோதித்து அனுப்பிய அதே கருவியால்கூட அதன் உள்ளே பார்க்க முடியாது. இதைத் தவிர்க்கச் சிலவற்றில் சாவி காட்டித் திறக்கும் பூட்டு வைக்கிறார்கள். அப்போது அந்தச் சாவியை யார் வைத்திருப்பது என்று வடிவமைப்பாளரும் சோதனைப் பிரிவும் பேசி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.