கோபுரம் முந்தியது, தமிழ் பிந்தியது: மொரப்பூர் பக்கத்திலிருந்து ஒரு தொலைக்காட்சி வரலாறு

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்த நிலையத்தைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவை பெரும்பாலும் சேப்பாக்கம் சுவாமி சிவானந்தா சாலை வளாகத்துக்குள் நின்று எழுதப்பட்டவை. செய்தி வாசித்த ஷோபனா ரவி, வரதராஜன், பாத்திமா பாபு, வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு மாலைத் திரைப்படம் என்று அந்த நினைவுகள் விரியும். அவை பொய்யல்ல. ஆனால் அலைபரப்பியிலிருந்து தொலைவில் இருந்த ஊர்களுக்கு அந்த நிலையம் எப்போது, எந்த வழியில், எந்த மொழியில் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியை அவை தொடுவதில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியைத் தருமபுரி மாவட்டம் மொரப்பூரை மனத்தில் வைத்துக் கேட்கிறது.

மொரப்பூர், ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் இடையே முதன்மை ரயில் பாதையில் உள்ள ஊர். சென்னையிலிருந்து ரயில் வழியில் 250 கிலோமீட்டருக்கு மேல். ரயில் நிற்கும் ஊர் என்பதால் சென்னை மனிதர்களும் சரக்குகளும் அன்றைக்கே வந்து இறங்கலாம். தொலைக்காட்சி அலை அப்படி வராது. அன்றைய ஒளிபரப்பு அலைவரிசைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகக்கூடியவை. பூமியின் வளைவு அவற்றை மறைக்கும், மலை இன்னும் விரைவாக மறைக்கும். உயர்சக்தி அலைபரப்பி ஒன்று சமவெளியில் நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஓரளவு தெளிவாகச் சென்றாலே பெரிய காரியம். மொரப்பூருக்கோ வடகிழக்கே சவ்வாது மலை, தென்கிழக்கே சித்தேரி மலை, தெற்கே சேர்வராயன் மலை. சென்னைக் கோபுரத்தின் வட்டத்துக்குள் இந்த ஊர் எந்தக் கணக்கிலும் வராது.

அதே 1975 ஆகஸ்டில் இந்தியாவில் இன்னொரு தொலைக்காட்சி முயற்சியும் தொடங்கியது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளைக் கடனாக வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக வேளாண்மை, சுகாதாரம், கல்வி நிகழ்ச்சிகளை அனுப்பிய ‘சைட்’ திட்டம் அது. ஆந்திரமும் கர்நாடகமும் அதில் இருந்தன, தமிழ்நாடு இல்லை. கர்நாடகத்தில் ராய்ச்சூர், அன்றைய ஆந்திரத்தில் மகபூப்நகர் போன்ற வறண்ட மாவட்டங்களின் கிராமத்தார் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்த அந்த ஓராண்டில், அவற்றைப் போலவே மழையை நம்பிய தருமபுரிக்கு எதுவும் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் தொலைக்காட்சி ஒரு நகரத்தின் வசதியாகத் தொடங்கியது என்பதை இந்த ஒப்பீடு தெளிவாக்குகிறது. பிறகு நடந்த பலவற்றுக்கும் அந்தத் தொடக்கமே காரணம் என்பது என் கருத்து.

1980-களில் நிலைமை தலைகீழாக மாறியது. 1982 ஆகஸ்ட் 15-இல் தில்லியிலிருந்து தேசிய ஒளிபரப்பும் வண்ணமும் வந்தன. அந்த ஆண்டு நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள். 1983 ஆகஸ்டில் இன்சாட்-1பி ஏவப்பட்டது. 1984-இல் நாடெங்கும் சிறு ஊர்களில் 100 வாட் குறைசக்தி அலைபரப்பிகள் நடப்பட்டன. சில மாதங்கள் ஏறத்தாழ நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில். ஒவ்வொன்றும் இருபது கிலோமீட்டர் சுற்றளவை எட்டும். ஆண்டு முடிவில் நாட்டில் அலைபரப்பிகளின் எண்ணிக்கை பல மடங்காகியிருந்தது. அரசின் அறிக்கைகள் ‘மக்கள்தொகையில் இத்தனை சதவீதத்தை எட்டினோம்’ என்று பெருமையுடன் சொன்னது இந்த வட்டங்களைக் கூட்டித்தான்.

ஆனால் அந்தக் குறைசக்தி அலைபரப்பிகள் எதை ஒளிபரப்பின? செயற்கைக்கோளில் இருந்தது தில்லியின் நிகழ்ச்சி. சென்னையின் தமிழ் நிகழ்ச்சியை மாவட்டங்களுக்குக் கொண்டுபோக அதே அளவு இணைப்பு அப்போது இல்லை. ஆகவே பல இடங்களில் கோபுரம் நின்றது, படம் தெரிந்தது, மொழி மட்டும் இந்தியாக இருந்தது. சென்னை நிலையமே எட்டும் ஊர்களிலும் தமிழுக்குக் கிடைத்தது மாலையில் சில மணி நேரம்தான். இரவு எட்டரை மணி அளவில் தில்லி வந்துவிடும். அதன் பிறகு இந்திச் செய்தி, இந்தித் தொடர், ஆங்கிலச் செய்தி. அரசுத் தொலைக்காட்சியான தூர்தர்ஷனில் இந்தி ஆதிக்கம் என்ற எதிர்ப்பு அக்காலத் தமிழ்நாட்டு அரசியல் மேடைகளில் ஓயாமல் ஒலித்ததைக் கட்சிப் பேச்சு என்று மட்டும் தள்ளிவிடக் கூடாது. பொதுப் பணத்தில் எழும்பிய கோபுரம் மக்களின் மொழியைத் தாங்கவில்லை என்ற நியாயமான குறை அதற்குள் இருந்தது.

எல்லை ஊர்களில் மக்கள் தாங்களாகவே வழி தேடிக்கொண்டார்கள். 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியபின், தென்கோடிக் கடற்கரை ஊர்களில் ஆன்டெனாக்கள் கடலைப் பார்த்துத் திரும்பின. அன்றைய தருமபுரி மாவட்டத்தின் வடமுனையான ஓசூர், பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டர்தான். அதன் வானில் கன்னடம் வந்தது. மாவட்டத்தின் தென்கிழக்கே இருக்கும் மொரப்பூர், அரூர் பகுதிக்கு இப்படிச் சாய்ந்துகொள்ள எந்தத் தோளும் அருகில் இல்லை.

சென்னை அலை மங்கலாகவாவது எட்டிய கிராமங்களில் அந்த நாளில் தொலைக்காட்சி பார்ப்பது எத்தகைய உழைப்பு என்பதைச் சற்றுப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டுக்கூரையை ஒட்டி இருபதடி, முப்பதடி இரும்புக் குழாய்; அதன் உச்சியில் அலுமினியக் குச்சிகள் வரிசையாகப் பொருத்திய ஆன்டெனா; அங்கிருந்து ஜன்னல் வழியே இறங்கும் தட்டையான ஒயர்; பெட்டிக்குப் பின்னால் ஒரு பூஸ்டர். காற்றடித்தால் குழாய் திரும்பிவிடும். ஒருவர் மேலே ஏறித் திருப்ப, ஒருவர் வாசலில் நின்று சொல்ல, உள்ளே ஒருவர் திரையைப் பார்த்து ‘தெரியுது… இல்ல, போயிருச்சு… கொஞ்சம் இந்தப் பக்கம்’ என்று குரல் கொடுக்க, மூவர் கூடினால்தான் படம். சாலிடேர், டயனோரா என்று சென்னையில் தயாரான கறுப்பு-வெள்ளைப் பெட்டிகள், இழுத்து மூடும் மரக்கதவுடன். 1980-களின் நடுப்பகுதி வரை பெட்டிக்கு அஞ்சலகத்தில் உரிமக் கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது. பெட்டி இல்லாதவர்களுக்கு ஊராட்சியின் டி.வி. ரூம், மாலையில் திறந்து வைப்பார்கள், குழந்தைகள் முன்னால் தரையில், பெரியவர்கள் பின்னால் நின்றபடி. எதிர்பார்த்த பாட்டு வரும் நேரத்தில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை வந்தாலும் யாரும் எழுந்து போவதில்லை.

அவர்கள் காத்திருந்தது சினிமாவுக்கு மட்டுமல்ல. ‘வயலும் வாழ்வும்’ சென்னை நிலையத்தின் உயிரான நிகழ்ச்சிகளில் ஒன்று. மரவள்ளி, மா, மஞ்சள், பட்டுப்புழு வளர்ப்பு என்று வாழும் ஒரு மாவட்டத்துக்கு, பூச்சித் தாக்குதலையும் மருந்தளவையும் கண்ணால் காட்டும் நிகழ்ச்சி எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பார்வையாளர் கடிதங்களுக்கு நிலையம் விடை சொன்ன ‘எதிரொலி’, ஊர்க்காரர்களின் அஞ்சலட்டைக்கும் மதிப்புண்டு என்பதைக் காட்டியது. பொதுத் தொலைக்காட்சி என்ற சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்.

1993 இந்த வரலாற்றின் திருப்பம். அந்த ஆண்டு தூர்தர்ஷனின் தமிழ்ச் சேவை செயற்கைக்கோளில் தனிச் சேனலாக ஏறியது. மலை ஒரு தடையாக இல்லாமல் போனது. பதினெட்டு ஆண்டுகளாகச் சென்னை வட்டத்துக்கு வெளியே இருந்த ஊர்களுக்கு முழுத் தமிழ்ச் சேனல் சாத்தியமானது. ஆனால் அதே ஆண்டு ஏப்ரல் 14-இல் சன் டி.வி.யும் தொடங்கியது. வானத்திலிருந்து வரும் அலையைப் பிடிக்க டிஷ் வேண்டும். டிஷ் கேபிள்காரரிடம் இருந்தது. கேபிள்காரர் மக்கள் கேட்டதைக் கொடுத்தார். தூர்தர்ஷனின் தமிழ், மாவட்டங்களுக்கு முழுமையாக வந்து சேர்ந்தபோது வாசலில் போட்டியாளர் ஏற்கெனவே நின்றிருந்தார். தூர்தர்ஷன் தோற்றது தரத்தால் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். தாமதமும் அதற்குச் சமமான காரணம். 1984-லேயே அந்தச் சிறு கோபுரங்களில் தமிழ் முழுநேரமும் ஓடியிருந்தால், ஒன்பது ஆண்டுப் பழக்கம் ஒரு தலைமுறைப் பார்வையாளர்களை அதனிடம் நிறுத்தியிருக்கும்.

பின்னாலே சட்டம் துணைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டின் கேபிள் சட்டம் தூர்தர்ஷன் சேனல்களையும், 2000-இல் வந்த அதன் திருத்தம் மாநில மொழிச் சேனலையும் கட்டாயமாகக் காட்ட வேண்டும் என்றன. 1997-இல் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி தன்னாட்சி அமைப்பாக நிறுவப்பட்டது. 2000-இல் தமிழ்ச் சேனல் ‘பொதிகை’ என்று பெயர் பெற்றது. சேனல் கேபிளில் இருந்தது, பார்ப்பவர்கள் குறைந்தார்கள்.

2004 டிசம்பரில் தொடங்கிய டிடி டைரக்ட் பிளஸ், இன்றைய டிடி ஃப்ரீ டிஷ், மாதக் கட்டணமே இல்லாத சேவை. ஒருமுறை டிஷ்ஷும் பெட்டியும் வாங்கினால் போதும். வட இந்தியக் கிராமங்களில் அது பெருவழக்காகியது. தமிழ்நாட்டில் அப்படிப் பரவாததற்கு ஒரு காரணம், இங்கே மாநில அரசின் வேறு வழிகள் திறந்தது. 2006 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டி தந்தது; 2011 செப்டம்பரில் அரசு கேபிள் 70 ரூபாய் மாதக் கட்டணத்தில் மீண்டும் இயங்கத் தொடங்கியது. பெட்டியும் அரசுடையது, கேபிளும் அரசுடையது; அவற்றில் ஓடிய நிகழ்ச்சி பெரும்பாலும் தனியாருடையது. பொது ஒளிபரப்பின் அடித்தளத்தை மாநில அரசும், நிகழ்ச்சியை ஒன்றிய அரசும் தனித்தனியே கையில் வைத்திருந்ததன் விளைவு இது.

அலைபரப்பிகளின் கதை 2022-இல் முடிந்தது. எல்லை முக்கியத்துவம் வாய்ந்த சுமார் 50 இடங்கள் தவிர, பழைய தரைவழி அலைபரப்பிகள் அனைத்தையும் பிரசார் பாரதி அந்த ஆண்டு மார்ச்சுக்குள் மூடத் திட்டமிட்டு நிறைவேற்றியது. தொலைவிலிருந்து வந்து, தொலைவில் எடுத்த முடிவால் அகன்ற கட்டமைப்பு மொரப்பூருக்குப் புதிதல்ல: 1906-இல் இங்கிருந்து தருமபுரிக்குப் போட்ட குறுகிய ரயில் பாதையும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அகற்றப்பட்டது. 2024 ஜனவரி 19-இல் பொதிகை, ‘டிடி தமிழ்’ என்று புதுப்பிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த பிரசார் பாரதியின் ‘வேவ்ஸ்’ செயலியிலும் தூர்தர்ஷன் சேனல்களைக் கைப்பேசியில் பார்க்கலாம்.

இந்த வரலாற்றை முழுமையாக எழுத நிலையத்தின் ஒளிநாடாக்கள் மட்டும் போதாது. ஊராட்சி அலுவலகங்களின் பழைய தீர்மானப் புத்தகங்களும் இருப்புப் பதிவேடுகளும் வேண்டும். எந்த ஆண்டு பெட்டி வாங்கினார்கள், டி.வி. ரூம் எங்கே கட்டினார்கள், சாவி யார் கையில் இருந்தது, எந்தத் தெருக்காரர்கள் உள்ளே உட்கார்ந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்பதை அவற்றிலிருந்தும் அந்த அறைகளில் வளர்ந்து இப்போது ஐம்பதைக் கடந்தவர்களின் வாய்மொழியிலிருந்தும்தான் எடுக்க முடியும். பழைய பதிவேடுகள் கரையானுக்குப் போகும் முன் தருமபுரி, அரூர் கல்லூரிகளின் வரலாற்று மாணவர்கள் இந்த வேலையைக் கையில் எடுக்க வேண்டும். மொரப்பூர் ஒன்றியத்து ஊராட்சிகளிலிருந்தே தொடங்கலாம்.