நல்செக் (ஈவ் ஆன்லைன்)

நல்செக் என்பது ஈவ் ஆன்லைன் என்னும் இணைய விண்வெளி விளையாட்டில் காவல் இல்லாத எல்லைப்பகுதி. இங்கு யாரும் யாரையும் தாக்கலாம். அதற்கு விளையாட்டு எந்தத் தண்டனையும் தருவதில்லை. இதன் பெரும்பகுதியை விளையாடுபவர்களே கைப்பற்றி, எல்லை வகுத்து, வரி விதித்து ஆள்கிறார்கள்.

பின்னணி

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் இவ்விளையாட்டை வெளியிட்டது. இதன் கற்பனை உலகின் பெயர் நியூ ஈடன். உலகெங்கும் உள்ள வீரர்கள் பெரும்பாலும் ஒரே சர்வரில் விளையாடுவதால், ஒரு போரின் முடிவு எல்லோருக்கும் பொதுவான வரலாறாகிறது.

ஒவ்வொரு விண்மீன் மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு மதிப்பு உண்டு. 0.5 முதல் 1.0 வரை உள்ள இடங்களில் அத்துமீறித் தாக்குபவரின் கப்பலை கான்கார்ட் என்னும் காவல்படை அழித்துவிடும். 0.1 முதல் 0.4 வரை அந்தப் படை வராது. ஆனால் தாக்குபவர் சில விளைவுகளைச் சந்திக்க நேரும். 0.0-உம் அதற்குக் கீழும் உள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்களே நல்செக்.

ஆட்சிமுறை

அரிய கனிமங்கள் கிடைப்பதாலும், டைட்டன் எனப்படும் மாபெரும் கப்பல்களைக் கட்ட ஆட்சியுரிமை தேவைப்படுவதாலும் இந்த நிலத்துக்குப் போட்டி ஏற்பட்டது. தொடக்கத்தில் நிலவுகளைச் சுற்றி நிறுவிய கோபுரங்களின் எண்ணிக்கையே ஆட்சியுரிமையைத் தீர்மானித்தது. 2009 டிசம்பரில் வந்த டொமினியன் விரிவாக்கம் இதை மாற்றியது. அதன்பின் ஆட்சியுரிமைக்குக் கட்டணமும் செலுத்த வேண்டியிருந்தது.

சட்டம் இல்லாத இடத்தில் வீரர்கள் தாங்களே நிர்வாகத்தை உருவாக்கினார்கள். கூட்டணிகளில் படைத்தலைவர், கணக்காளர், தூதர், ஒற்றர் எனப் பொறுப்புகள் பிரிக்கப்பட்டன. உபரி நிலம் சிறு குழுக்களுக்கு வாடகைக்கு விடப்பட்டது. போரில் கப்பலை இழந்தவருக்கு இழப்பீடு தரும் வழக்கமும் உண்டானது. இந்த அமைப்பு முழுவதும் நம்பிக்கையையே ஆதாரமாகக் கொண்டது. அதனால் பெரிய வீழ்ச்சிகள் சில ஆயுதத்தால் தொடங்கவில்லை.

வீழ்ச்சிகள்

2000-களின் பிற்பகுதியில் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் மிக வலிமையான கூட்டணிகளுள் ஒன்று. 2007-இல் சிசிபி ஊழியர் ஒருவர் அதற்கு அரிய வரைபடங்களை முறைகேடாக அளித்தது வெளிவந்தது. 2008-இல் வீரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆலோசனைக்குழு செயல்படத் தொடங்கியது. 2009 பிப்ரவரியில் அக்கூட்டணியின் நிர்வாகி ஒருவர் எதிரணியான கூன்ஸ்வார்மின் பக்கம் சாய்ந்து, தம் அதிகாரத்தைப் பயன்படுத்திக் கூட்டணியையே கலைத்தார். டெல்வ் பகுதியில் அதன் ஆட்சியுரிமை அத்துடன் பறிபோனது. அடுத்த ஆண்டே கூன்ஸ்வார்முக்கும் அதே கதி நேர்ந்தது: அதன் தலைவரே கூட்டணியைக் கலைத்தார். பின்னர் அது கூன்ஸ்வார்ம் ஃபெடரேஷன் என்ற பெயரில் எழுந்தது.

2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி மண்டலத்தின் ஆட்சிக் கட்டணம் செலுத்தப்படாமல் விடுபட்டது. உரிமை காலாவதியானதைக் கண்ட எதிரணி உடனே உள்ளே புகுந்தது. சுமார் 21 மணிநேரம் நடந்த போரில் 7,500-க்கும் மேற்பட்ட பாத்திரங்கள் பங்கேற்றன. 75 டைட்டன்கள் அழிந்தன. சர்வர் தாங்குவதற்காக விளையாட்டின் நேரம் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைக்கப்பட்டிருந்தது. அழிந்தவற்றின் மதிப்பு சுமார் 3,00,000 அமெரிக்க டாலர் எனக் கணக்கிடப்பட்டது. அங்கே சிசிபி நிறுவிய கப்பல் சிதைவுகள் நினைவுச்சின்னமாக நிற்கின்றன.

பிற்காலம்

2020 ஜூலையில் கூன்ஸ்வார்ம் அணிக்கு எதிராகப் பெரும் கூட்டமைப்பு ஒன்று போர் தொடுத்தது. அவ்வாண்டின் இறுதியில் எம்2-எக்ஸ்எஃப்இ மண்டலத்தில் நடந்த மோதலில் 250-க்கும் மேற்பட்ட டைட்டன்கள் அழிந்தன. ஓராண்டுக்கும் மேல் நீடித்த போர், முற்றுகையிட்டவர்கள் 2021 ஆகஸ்டில் பின்வாங்கியதோடு முடிந்தது. கடைசிக் கோட்டைவரை ஒடுக்கப்பட்டும் கூன்ஸ்வார்ம் அணி இம்முறை உள்ளிருந்து உடையவில்லை.