டெர்பி மரத்தோட்டம்: பொதுப்பூங்காவும் நுழைவுக்கட்டணமும் (1840–1882)

ஆய்வுச்சுருக்கம்

இங்கிலாந்தின் டெர்பி நகரில் 1840இல் திறக்கப்பட்ட மரத்தோட்டம், அந்நாட்டுப் பொதுப்பூங்கா வரலாற்றில் முன்னோடியாகக் கருதப்படுகிறது. தொழிலாளரையும் மனத்திற்கொண்டு வழங்கப்பட்ட இத்தோட்டத்தில் வாரத்தில் ஐந்து நாட்கள் நுழைவுக்கட்டணம் பெறப்பட்டது. ‘பொது’ என்னும் சொல் இங்கு யாரைக் குறித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பொதுப்பூங்கா, டெர்பி, நுழைவுக்கட்டணம், தொழிலாளர் ஓய்வு, நகர வரலாறு

முன்னுரை

டெர்வென்ட் ஆற்றங்கரையிலுள்ள டெர்பி, பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பட்டாலைகளால் பெயர்பெற்ற நகரமாகும். 1831இல் நாடாளுமன்றச் சீர்திருத்த மசோதா தோல்வியுற்றபோது இங்குக் கலவரம் மூண்டது. 1833–34இல் தொழிற்சங்கத்தில் சேர்ந்த பட்டாலைத் தொழிலாளர்கள் கதவடைப்பினால் மாதக்கணக்கில் வேலையிழந்தனர். தொழில் நகரங்களில் மக்கள் உலவுவதற்கான திறந்தவெளி போதவில்லை என நாடாளுமன்றத் தேர்வுக்குழு அறிக்கை அளித்ததும் 1833ஆம் ஆண்டிலேயே. மரத்தோட்டத்தின் தோற்றத்தை இப்பின்புலத்தில் வைத்து நோக்குதல் வேண்டும்.

பொதுவெளியின் இழப்பு

டெர்பி மக்களுக்குத் திறந்தவெளி முன்பே இருந்தது. நன்ஸ் கிரீன் என்னும் பொதுநிலம், தெருக்களுக்குத் தளமிடவும் விளக்கமைக்கவும் நிதி திரட்டும்பொருட்டு 1792ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி விற்பனைக்கு விடப்பட்டது. அம்முயற்சியை முன்னின்று நடத்தியவர்களுள் வில்லியம் ஸ்ட்ரட் ஒருவர். அரை நூற்றாண்டுக்குப்பின் மரத்தோட்டத்தை நகருக்கு வழங்கிய ஜோசப் ஸ்ட்ரட் அவருடைய தம்பி. ஜோசப், ஆலை முதலாளி. 1835ஆம் ஆண்டு நகராட்சிச் சீர்திருத்தத்துக்குப்பின் டெர்பியின் முதல் மேயராக விளங்கியவர். பொதுநிலத்தில் மக்களுக்கு இருந்தது வழக்காற்று உரிமை. தோட்டத்தில் கிடைத்ததோ ஒரு கொடையின் பயன்.

வடிவமைப்பும் ஒழுங்கும்

ஏறத்தாழ 11 ஏக்கர் பரப்புள்ள தோட்டத்தை ஜான் கிளாடியஸ் லௌடன் வடிவமைத்தார். சமதளமான அந்நிலத்தில் மண்மேடுகளை எழுப்பி, ஒரு பாதையில் நடப்போர் மறுபாதையில் நடப்போரைக் காணாதவாறு செய்தார். இதனால் சிறிய இடம் பெரிதாகத் தோன்றியது. மரங்கள் இனவாரியாக நடப்பட்டு, அவற்றின் பெயர்கள் குறிக்கப்பட்டன. உலாவும் கல்வியும் இங்கு ஒன்றிணைந்தன. தெருக்களில் இரு பங்குகளின் மக்கள் மோதிய தவக்காலத்துக்கு முந்தைய பந்தாட்டம் 1846இல் அதிகாரிகளால் ஒடுக்கப்பட்டதை இதனோடு சேர்த்துக் காணலாம். ஆரவார விளையாட்டு குற்றமாகவும் அமைதியான நடை நற்பண்பாகவும் வகுக்கப்பட்ட காலம் அது.

கட்டணமும் காலமும்

1840 செப்டம்பர் 16 அன்று தோட்டம் திறக்கப்பட்டது. ஞாயிறும் புதனும் இலவச நாட்கள். ஏனைய நாட்களில் கட்டணம் உண்டு. பராமரிப்புக்கான நிதியைக் கொடையாளர் தனியே வைக்கவில்லை. நகராட்சியிடமும் அதற்கான வருவாய் இல்லை. ஆகவே கட்டணத்துக்கு நிதிக்காரணம் இருந்தது. ஆயின் அதன் விளைவு வேறு. புதன்கிழமை ஆலைத் தொழிலாளிக்கு வேலைநாள். ஞாயிற்றுக்கிழமையிலும் காலை வழிபாட்டு வேளையில் தோட்டம் மூடப்பட்டது. எனவே கட்டணமின்றி அவர் நுழைய வாய்த்தது பெரும்பாலும் ஞாயிறு பிற்பகலே.

1848ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், உள்ளாட்சிச் சுகாதார வாரியங்கள் பொது உலாவிடங்களைப் பேண வழிவகுத்தது. அதன்பின்னரும் டெர்பியில் கட்டணம் தொடர்ந்தது. 1882இல்தான் தோட்டம் முற்றிலும் இலவசமாயிற்று.

முடிவுரை

மரத்தோட்டத்தைக் கொடையாளரின் பெருந்தன்மைக்குச் சான்றாக மட்டும் வாசிப்பது போதாது. நன்ஸ் கிரீனின் விற்பனையையும் பந்தாட்டத் தடையையும் சேர்த்து நோக்கும்போது, திறந்தவெளி மீதான மக்கள் உரிமை வேலிக்குள்ளும் கால அட்டவணைக்குள்ளும் சுருங்கியமை புலனாகிறது. திறப்பு விழாவுக்கும் இலவச நுழைவுக்கும் இடையே 42 ஆண்டுகள் கழிந்தன. பொதுப்பூங்காவின் வரலாற்றைத் திறப்பு நாளிலிருந்து மட்டும் கணக்கிடுவோர் இவ்விடைவெளியைத் தவறவிடுகின்றனர். பூங்கா யாருக்குரியது என்பதை அதன் பெயர்ப்பலகையைக் காட்டிலும் அதன் நுழைவு விதிகளே தெளிவாக உணர்த்துகின்றன.