16 வயசுல தனியா தங்கலாமா? இங்கிலாந்தில் யார் சோதிக்கிறார்கள்?

இங்கிலாந்தில் பெற்றோருடன் வாழ முடியாத பிள்ளைகளை உள்ளாட்சி மன்றங்கள் பராமரிக்கின்றன. அவர்களில் 16, 17 வயதினர் சிலர் ஆதரவுடன் கூடிய தங்குமிடங்களில் இருக்கின்றனர். சமையல், துணி துவைப்பது, செலவுக் கணக்கு எல்லாம் அவங்களே பழகணும். உதவிக்கு ஊழியர் உண்டு.

சிறுவர் இல்லங்களைச் சோதிக்கும் ஆஃப்ஸ்டட் அமைப்பு நெடுங்காலம் இவற்றைச் சோதித்ததில்லை.

2023 அக்டோபர் 28 முதல் பதிவு கட்டாயம். 2024 செப்டம்பரில் சோதனை தொடங்கியது. 3 ஆண்டுக்கு ஒருமுறையாவது நடக்கும்.

என்ன பார்ப்பாங்க? பூட்டு, தீ எச்சரிக்கைக் கருவியோடு முடிவதில்லை. ராத்திரி பயமா இருந்தா யாரைக் கூப்பிடுவே? பிள்ளைகளின் பதிலும் முக்கியம்.

ஒரு சிக்கல். சோதிக்கப்படுவது நிறுவனம். அது பல வீடுகளை நடத்தினாலும் அறிக்கை ஒன்றுதான். அதிகாரி சில வீடுகளுக்கு மட்டும் போகலாம். நல்ல அறிக்கை வந்தாலும், ஒரு பிள்ளையின் அறைக்கதவை யாரும் தட்டாமலே இருந்திருக்கலாம்.