பீம்சிங்கின் ‘பா’ வரிசைக் குடும்பப் படங்கள்

இயக்குநர் ஏ. பீம்சிங் 1958 முதல் 1965 வரை சிவாஜி கணேசனை முதன்மை நடிகராகக் கொண்டு எடுத்த குடும்பப் படங்களே தமிழ்த் திரைப்பட வரலாற்றில் பொதுவாக ‘பா’ வரிசைப் படங்கள் எனப்படுகின்றன. ‘பதிபக்தி’ (1958), ‘பாகப்பிரிவினை’ (1959), ‘படிக்காத மேதை’ (1960), ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ (மூன்றும் 1961), ‘பார்த்தால் பசி தீரும்’, ‘படித்தால் மட்டும் போதுமா’ (இரண்டும் 1962), ‘பார் மகளே பார்’ (1963), ‘பச்சை விளக்கு’ (1964), ‘பழநி’ (1965) ஆகியவை இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. பெயர்கள் ‘ப’ அல்லது ‘பா’வில் தொடங்கியதால் இந்தப் பெயர் வந்தது. இவற்றை இணைக்கும் உண்மையான சரடு முதல் எழுத்தன்று. பிரியும் குடும்பமும், பிரியாமல் இருக்க யாரோ ஒருவர் கொடுக்கும் விலையுமே.

பீம்சிங் கிருஷ்ணன்-பஞ்சு இரட்டையரிடம் படத்தொகுப்பில் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர். ‘அம்மையப்பன்’ (1954), ‘ராஜா ராணி’ (1956) ஆகிய தொடக்க காலப் படங்களில் மு. கருணாநிதியின் வசனமே முன்னே நின்றது. ‘பதிபக்தி’க்குப் பின் அவர் படங்களில் மேடைப் பேச்சு குறைந்து, அடுக்களைப் பேச்சு கூடியது. விசுவநாதன்-ராமமூர்த்தியின் இசையும் கண்ணதாசனின் பாடல்களும் பெரும்பாலான படங்களுக்கு உயிர் கொடுத்தன.

கதைகள் வந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். நிலத்தை நம்பிய கூட்டுக்குடும்பத்தில் ஒரு மகன் படித்து நகரத்துக்குப் போய் மாதச் சம்பளம் வாங்கத் தொடங்கியதும் வீட்டுக் கணக்கு மாறியது. யார் அதிகம் கொண்டுவந்தார், யார் அதிகம் சாப்பிட்டார் என்ற பேச்சு எழுந்தது. வீட்டு மானம் என்று இதை வெளியே பேச மாட்டார்கள். டூரிங் டாக்கீஸின் மணல் தரையில் அமர்ந்து, இருட்டில், வேறொரு குடும்பத்தின் பெயரால் அழ முடிந்தது. ஆறுதல் அங்கேதான் தொடங்கியது. படம் ஊரை விட்டுப் போன பிறகும் இலங்கை வானொலியிலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் அதன் பாட்டு தொடர்ந்தது.

‘பாகப்பிரிவினை’யில் அண்ணன் தம்பி இருவரின் ஒரே வீடு இரண்டாகிறது. டி. எஸ். பாலையாவும் எஸ். வி. சுப்பையாவும் அந்தச் சகோதரர்கள். பிளவை ஊதிப் பெரிதாக்க எம். ஆர். ராதாவின் ‘சிங்கப்பூரான்’ பாத்திரம் வந்து சேர்கிறது. கண்ணையனாக நடித்த சிவாஜி, மின்சாரம் தாக்கி ஊனமுற்ற கையும் நொண்டும் காலுமாகப் படம் முழுவதும் வருகிறார். கதாநாயகன் அழகனாகவே இருக்க வேண்டிய காலத்தில் இது துணிச்சலான முடிவு. படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. 1965-இல் இந்தியில் ‘கான்தான்’ ஆனது.

‘படிக்காத மேதை’ வங்காளக் கதையிலிருந்து வந்தது. எஸ். வி. ரங்காராவின் செல்வக் குடும்பத்தில் எடுத்து வளர்க்கப்பட்ட எழுத்தறியாத ரங்கன், பிள்ளைகளில் ஒருவனுமில்லை, சம்பளம் வாங்கும் வேலைக்காரனுமில்லை. செல்வம் கரைந்தபோது பெற்ற மக்கள் ஒதுங்க, வெளியே அனுப்பப்பட்ட அவனே திரும்பித் தாங்குகிறான். பாரதியாரின் ‘கண்ணன் என் சேவகன்’ பாடலை சீர்காழி கோவிந்தராஜன் குரலில் இந்தப் படத்தில் வைத்தது மிகப் பொருத்தம். காமராசரையும் மக்கள் இதே பெயரால்தான் போற்றினார்கள். படித்தவர் மட்டுமே பெரியவர் என்ற நினைப்பால் புண்பட்டவர்கள் அன்று ஏராளம்.

ஆனால் இந்தப் படங்கள் சொல்லிக்கொடுத்த பாடம் எல்லாருக்கும் ஒரே எடையில் இறங்கவில்லை. பொறுமை வேண்டும் என்பதே அந்தப் பாடம். பொறுத்துக்கொள்பவர் யார் என்று பார்த்தால் ஊனமுற்ற மகன், எடுத்து வளர்த்த பிள்ளை, மனைவி, தங்கை. ‘பாலும் பழமும்’ படத்தில் காசநோய் கண்ட சாந்தி, கணவரின் புற்றுநோய் ஆராய்ச்சி தடைப்படக் கூடாது என்று வீட்டை விட்டுப் போகிறாள். அவர் வேறொருத்தியை மணந்து பார்வையும் இழந்த பிறகு, வேறு பெயரில் செவிலியாக வந்து பணிவிடை செய்கிறாள். அரங்கில் அழாதவர் குறைவாகவே இருந்திருப்பர். அவள் ஏன் போக வேண்டும் என்று படம் கேட்கவில்லை.

‘பாசமலர்’ இன்னும் நுட்பமானது. கே. பி. கொட்டாரக்கராவின் கதை, ஆரூர்தாஸின் வசனம். வேலை இழந்த ராஜசேகரன் தொழிலதிபர் ஆவதற்கு முதலீடு, தங்கை ராதா பொம்மை செய்து சேர்த்த பணம். அந்தத் தொழிலில் அவளுக்கு ஒரு பங்கு உண்டு என்ற கேள்வியைப் பாசம் மூடிவிடுகிறது. இது படத்தின் குறை மட்டுமன்று. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்கு உரிமை தந்தாலும், பூர்வீகக் கூட்டுச் சொத்தில் பிறப்புரிமையை மகன்களுக்கே விட்டுவைத்தது. தமிழ்நாட்டில் அந்த உரிமை மகளுக்கு வந்தது 1989-இல்; அதுவும் அதற்கு முன்பே மணமானவர்களுக்கு இல்லை. ‘பாசமல’ருக்கு அழுத தலைமுறைத் தங்கைகள் பெரும்பாலும் அப்படி விடுபட்டவர்களே. கண் பார்வை இழந்த அண்ணனும் தங்கையும் கைகோத்தபடி சாகும் கடைசிக் காட்சி அவர்களை ஏன் அப்படி உலுக்கியது என்பதற்கு, சிவாஜி, சாவித்திரியின் நடிப்பு ஒரு காரணம். அண்ணன் இருக்கிறான் என்ற நம்பிக்கையே பிறந்த வீட்டில் அவர்களுக்கு எஞ்சிய பிடிமானம் என்பது இன்னொன்று. நெருக்கமான அண்ணன் தங்கையைப் ‘பாசமலர்கள்’ என்று கேலியாகச் சொல்வது இன்றும் உண்டு.

‘பழநி’யோடு அந்த அலை தணிந்தது. பீம்சிங் இந்தியிலும் பிற மொழிகளிலும் படம் எடுத்தார். 1977-இல் அவர் ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலைப் படமாக்கினார். மழை நாளில் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் கங்காவை, அவளுடைய அண்ணனே வெளியே துரத்துகிறான். ‘பாசமலர்’ எடுத்த அதே கை எடுத்த அண்ணன் இவன். கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. பீம்சிங் 1978 சனவரியில் காலமானார்.

பிரியும் வீடு மீண்டும் பெரும் வெற்றி கண்டது 1986-இல், விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில். சம்பளப் பணத்தால் தகப்பனுக்கும் மூத்த மகனுக்கும் மனத்தாங்கல் வந்து வீட்டின் நடுவே கோடு விழுகிறது. பிணக்குகளை ஒவ்வொன்றாகத் தீர்த்துவைப்பவள் மூத்த மருமகள் உமா. எல்லாம் சரியான பிறகு, பழைய படமாக இருந்தால் ஒரே பந்தியில் சாப்பாடு போட்டு முடித்திருப்பார்கள். உமா தனிக்குடித்தனம் போவதாகச் சொல்கிறாள்; அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். உமாவாக நடித்தவரும் லட்சுமியே.