மணிக்கு 8 கி.மீ. வேகத்தைக் குறைக்க 10 வருடமா? நியூயார்க்கில் பிள்ளைகளை இழந்த பெற்றோரின் போராட்டம்

நியூயார்க் நகரத் தெருக்களில் கார் எவ்வளவு வேகமாகப் போகலாம்? இதை முடிவு செய்யும் முழு அதிகாரம் அந்த ஊர் மேயருக்கே கிடையாது என்றால் நம்ப முடிகிறதா?

அந்த அதிகாரம் 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் ஆல்பனி என்ற சிறு நகரத்தில் இருக்கிறது. அதுதான் நியூயார்க் மாநிலத்தின் தலைநகர். வேக வரம்பைக் குறைக்க வேண்டுமா, வேகத்தைப் பிடிக்கும் கேமரா வைக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் மாநில சட்டமன்றம் அனுமதி தர வேண்டும். தெருவில் சாவது நகரத்துக்காரர்கள். ஓட்டுப் போடும் உறுப்பினர்களில் பலர் அந்தத் தெருவில் நடந்தே இருக்க மாட்டார்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் ஒரு லாப நோக்கற்ற அமைப்பும், அதோடு சேர்ந்த சில அப்பா அம்மாக்களும் பல வருடங்கள் ஆல்பனிக்கு அலைந்தார்கள்.

யார் இவர்கள்?

'டிரான்ஸ்போர்ட்டேஷன் ஆல்டர்னேட்டிவ்ஸ்' 1973-ல் தொடங்கப்பட்டது. ஆரம்பத்தில் சைக்கிள்காரர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும்தான் அதில் இருந்தார்கள். சைக்கிளுக்குத் தனி வழி, பூங்காவுக்குள் கார் கூடாது என்பது போன்ற கோரிக்கைகள். இதெல்லாம் வேலைவெட்டி இல்லாதவர்களின் ஆசை என்று நினைத்தவர்கள் நிறைய பேர். ஆனால் சென்ட்ரல் பூங்காவின் உள்சாலைகளில் கார் முழுமையாக நின்றது 2018-ல். 45 வருடம்!

அமைப்பின் குரலுக்கு வேறு ஒரு கனம் வந்தது 2014-ல். அதற்கு முந்தைய அக்டோபரில் புரூக்ளினில் வேன் மோதி சாமி என்ற 12 வயது சிறுவன் இறந்தான். அவன் பெற்றோரும், அதேபோல வீட்டில் ஒருவரைத் தெருவில் பறிகொடுத்த வேறு குடும்பங்களும் சேர்ந்து 'ஃபேமிலீஸ் ஃபார் சேஃப் ஸ்ட்ரீட்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். 2013-ல் மட்டும் அந்த நகரச் சாலைகளில் இறந்தவர்கள் கிட்டத்தட்ட 300 பேர்.

புள்ளிவிவரத்தை மேசையில் வைத்தால் அதிகாரி இன்னொரு புள்ளிவிவரத்தை எடுத்து வைப்பார். மகனின் புகைப்படத்தைக் கையில் பிடித்தபடி ஒரு தாய் வந்து நின்றால், எதிரே இருப்பவருக்குப் பேச்சு அவ்வளவு எளிதாக வராது. இந்தக் குழுவின் பலம் அதுதான்.

'விபத்து' என்று சொல்லாதீர்கள்

இவர்கள் வைத்த ஒரு கோரிக்கை மொழி பற்றியது. 'ஆக்ஸிடென்ட்' என்று எழுதாதீர்கள், 'கிராஷ்' என்று எழுதுங்கள் என்று செய்தியாளர்களிடமும் காவல்துறையிடமும் கேட்டார்கள். ஆக்ஸிடென்ட் என்றால் தற்செயலாக நடந்தது, யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடுகிறது. அதிவேகமும் மோசமான சாலை வடிவமைப்பும் தற்செயல் இல்லையே என்பது இவர்கள் வாதம். தமிழில் இதற்கு 'மோதல்' என்று சொல்லலாம். ஆனால் நம்ம ஊர் செய்தியில் 'மோதல்' என்றால் இரு தரப்புக்கு அடிதடி என்றுதான் முதலில் படும்!

எட்டு கிலோமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது?

நகரத்தின் பொதுவான வேக வரம்பு மணிக்கு 30 மைலாக, அதாவது சுமார் 48 கி.மீ.யாக இருந்தது. 2014 நவம்பர் 7 முதல் அது 25 மைல், சுமார் 40 கி.மீ. ஆனது. இது முதல் வெற்றி.

குறைந்தது வெறும் 8 கி.மீ.தானே என்று தோன்றும். கணக்கு வேறு மாதிரி. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். 48 கி.மீ. வேகத்தை 32 ஆக்கினால், அந்த ஆற்றல் பாதிக்கும் கீழே போய்விடும். வண்டி நிற்க எடுக்கும் தூரமும் குறையும். பந்தை எடுக்க ஓடிவரும் குழந்தையைப் பார்த்து பிரேக் அடிக்கும் ஓட்டுநருக்கு அந்தச் சில அடிகள்தான் எல்லாம்.

அந்த 32-க்கு, அதாவது 20 மைலுக்குத்தான் அடுத்த போராட்டம். 'சாமி சட்டம்' என்றே பெயர் வைத்துப் பல முறை ஆல்பனிக்குப் போனார்கள். 2023-ல் பெற்றோர் உண்ணாவிரதம்கூட இருந்து பார்த்தார்கள். அந்த வருடமும் நிறைவேறவில்லை. 2024-ல்தான் நிறைவேறியது. அதிலும் சலுகை கொடுத்துத்தான் வாங்கினார்கள்: வரம்பு தானாகக் குறையாது, நகர நிர்வாகம் தெருத் தெருவாக அறிவிக்க வேண்டும், மன்ஹாட்டனுக்கு வெளியே பல லேன் கொண்ட பெரிய சாலைகளுக்கு விலக்கு.

கேமரா அணைந்த கோடை

பள்ளிகள் அருகே வேகக் கேமரா வைக்கும் அனுமதி 2018 ஜூலையில் காலாவதியானது. மாநில செனட் கூடிப் புதுப்பிக்கவில்லை. கேமராக்கள் அபராதம் போடுவதை நிறுத்தின. புரூக்ளின் செனட்டர் ஒருவரின் அலுவலக வாசலில் பெற்றோர் 24 மணி நேரம் உட்கார்ந்தார்கள். பள்ளி திறப்பதற்குள் ஆளுநரின் அவசர உத்தரவால் கேமராக்கள் மீண்டும் இயங்கின. நவம்பர் தேர்தலில் அந்த செனட்டர் தோற்றார்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம். அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது. கோரிக்கை வைக்கலாம், ஓட்டு கேட்க முடியாது. அதனால் 2013-லேயே இதே நோக்கமுள்ளவர்கள் 'ஸ்ட்ரீட்ஸ்பேக்' என்று தனியாக ஓர் அரசியல் குழு வைத்துக்கொண்டார்கள்.

2022 ஆகஸ்ட் முதல் இந்தக் கேமராக்கள் 24 மணி நேரமும் இயங்குகின்றன. வரம்பைவிட 10 மைலுக்கு மேல் தாண்டினால் 50 டாலர் அபராதம். நம்பர் பிளேட்டை மறைத்து, போலியாக மாட்டி ஏமாற்றுபவர்கள் அங்கேயும் உண்டு.

பஸ்ஸில் போகிறவருக்கு என்ன?

கார் வைத்திருப்பவரைவிட பஸ்ஸில் போகிறவர் பெரும்பாலும் ஏழை. நியூயார்க் பஸ்ஸின் சராசரி வேகம் மணிக்கு சுமார் 13 கி.மீ. இதற்காகப் பேசுவது 2012-ல் தொடங்கிய 'ரைடர்ஸ் அலையன்ஸ்' என்ற பயணிகள் அமைப்பு. வருமானம் குறைந்தவர்களுக்குப் பாதிக் கட்டணம் தரும் 'ஃபேர் ஃபேர்ஸ்' திட்டம் 2019-ல் வந்ததில் இவர்களுக்குப் பங்கு உண்டு. மன்ஹாட்டனின் 60-வது தெருவுக்குத் தெற்கே நுழையும் காருக்குக் கட்டணம் வசூலித்து, அந்தப் பணத்தில் ரயிலையும் பஸ்ஸையும் சீர்செய்யும் திட்டத்துக்கும் முன்னால் நின்றார்கள். 2024 ஜூனில் ஆளுநர் அதைக் கடைசி நேரத்தில் நிறுத்தினார். இவர்கள் வழக்குப் போட்டார்கள். 15 டாலராக இருந்தது 9 டாலராகக் குறைந்து, 2025 ஜனவரி 5-ல் அமலுக்கு வந்தது.

மாற்றுத்திறனாளி அமைப்புகளின் வழக்கு தனிக் கதை. 470-க்கும் மேற்பட்ட சுரங்க ரயில் நிலையங்களில் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் இல்லை. 2022-ல் சமரசம் ஏற்பட்டது: 95 சதவீத நிலையங்களைச் சக்கர நாற்காலி போகும்படி மாற்ற வேண்டும். கெடு எப்போது தெரியுமா? 2055!

எல்லாரும் ஏற்றுக்கொண்டார்களா?

இல்லை. பார்க்கிங் போனால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் எதிர்க்கிறார்கள். ரயில் எட்டாத புறநகர்க்காரர் காரில்தான் வந்தாக வேண்டும், அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சாலை மரணங்களும் நேர்கோட்டில் இறங்கவில்லை. 2018-ல் சுமார் 200 வரை குறைந்து, கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் 270-ஐத் தாண்டியது.

பெற்றோர் குழு அடுத்து கையில் எடுத்தது, திரும்பத் திரும்பக் கேமராவில் சிக்கும் ஓட்டுநர்களை. அபராதத்தைக் கட்டிவிட்டு மறுபடி பறப்பவர்களின் காரில், வரம்பைத் தாண்டவிடாத கருவியைக் கட்டாயம் பொருத்த வேண்டும் என்கிறார்கள். அதற்கும் ஆல்பனிதான் ஓட்டுப் போட வேண்டும்.